வந்த இடம், போகும் இடம்

போர்டில் 'ஷத்தோ' என்று இருக்கிறது.
அரசலாற்றுப் பாலத்து ஆட்டோக்காரர்களுக்கு
அது வாயில் நுழையவில்லை.
வெளியூர் ஆள் தங்குகிறான், கல்யாணம் நடக்கிறது,
இலை போட்டுச் சாப்பாடு.
பிறகென்ன, சத்திரம்தானே.
அப்படியே கூப்பிடுகிறார்கள்.
வர்கீஸ் சாருக்கு அதில் வருத்தம்:
இரவுக்குப் பன்னிரண்டாயிரம் வாங்குகிற சத்திரம்
எங்கேயாவது உண்டா, பூங்காவனம்?

ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
வரவேற்பு மேசையில் நான்.
பேட்ஜில் இடம் போதாமல்
'பூங்கா' வரைக்கும்தான்.

கட்டியவன் கப்பல் கம்பெனிக்காரன்.
பிறந்த ஊரின் கோட்டை போலவே வேண்டுமென்று
இரண்டு கோபுரம் வைத்தான், கூரை கூம்பாக,
பனி விழுந்தால் சறுக்கி இறங்கட்டும் என்று.
காரைக்காலில்.
ஐப்பசியில் மழை சறுக்குகிறது.
மற்ற மாதங்களில் புறா எச்சம்.

விருந்தாளிகளுக்குச் சொல்ல அச்சடித்த தாள் உண்டு.
அதில் ஒரு பியானோ, ஒரு துரைசானி, ஒரு பேய்.
பேய், வர்கீஸ் சார் சேர்த்தது.
கீழ்த்தளம் 'புர்போன் ஹால்',
முந்நூறு பேர் உட்காரலாம், முழுக்க ஏசி.
பழைய வரைபடத்திலேயே இருந்த பெயராம்.
ராஜ பரம்பரைப் பெயர் என்பார் சார்.
மாப்பிள்ளைத் தோழர்கள்
வேறெதையோ நினைத்துச் சிரிப்பார்கள்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள்.
திருவாரூர் அரிசி ஆலைக்காரர் வீட்டு ரிசப்ஷன்.
டிரம்ஸ் சத்தத்தில்
சாவிக்கொத்து மேசைமேல் தானாக நகர்ந்தது.
அன்று பார்த்து ரெயூனியன் தீவிலிருந்து
ஓர் அம்மாள், தனியாக, ஒரே ஓர் இரவுக்கு.
பாஸ்போர்ட்டில் ஜோஸ்லின் வயாபூரி.
முகம் அப்படியே வேதாரண்யம் பக்கத்து முகம்.
தமிழ் ஒரு சொல் கிடையாது.
எனக்கோ பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு,
மழை பெய்கிறது, பூனை மேசைமேல் இருக்கிறது,
அந்த அளவு.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தார்.
அந்த ஹாலைப் பார்க்கலாமா?

சமையல்காரர்கள் அண்டா உருட்டிக்கொண்டிருந்தார்கள்.
தரையெங்கும் ரோஜா இதழ், ஜிகினா, பீடாத்துப்பல்.
செருப்பைக் கழற்றினார்.
நான் பெருக்கச் சொல்லட்டுமா என்பதற்கு
பிரெஞ்சு தேடிக்கொண்டிருக்கையில்
கைப்பையிலிருந்து ஒரு நகலை நீட்டினார்.
ஆவணக் காப்பகத்து முத்திரை, கட்டம் போட்ட பதிவேடு,
பல பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது.

வையாபுரி. ஆண். வயது இருபத்தொன்று.
வந்த இடம்: கீழையூர்.
போகும் இடம்: புர்போன்.
கப்பலுக்குக் காத்திருப்பு: பதினாறு நாள், கீழ்த்தளம்.
ஓரத்தில் பெருவிரல் மை.

ஏசி ஓடிக்கொண்டே இருந்தது.
நான்தான் நிறுத்தினேன்.
அப்புறம் தெரிந்தது, ஜன்னல் எவ்வளவு உயரத்தில்
என்று.
நாற்காலிமேல் ஏறினாலும் எட்டாது.
காற்றுக்கு வைத்ததில்லை.

அந்த அம்மாள் அழவில்லை.
முழங்கை மடக்கித் தலைக்கு வைத்து
ஜிகினாமேல் படுத்துக்கொண்டார்,
எங்கள் ஊரில் பஸ் வராத நேரம்
ஆம்பளைகள் படுப்பது போல.
நான் மேலே போய்
ஜெனரேட்டர் டீசல் கணக்கு எழுதினேன்.

விடிந்ததும் பெயரைச் சொல்லித்தரச் சொன்னார்.
வை.
வய்.
யா. புரி.
நாலாம் தடவை சரியாக வந்தது.
உடனே என் பேட்ஜைத் தொட்டு, உங்களுடையது, என்றார்.
பூங்காவனம் என்றேன், முழுசாக.
அது அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

கீழையூருக்கு எண்ணூறு கேட்டான் ஆட்டோக்காரன்.
சத்திரத்து ஆளாச்சே என்று நூறு குறைத்தான்.
பதிவேட்டில் 'போகும் இடம்' காலியாக விட்டிருந்தார்.
காலியாக இருந்தால் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கல்.
கீழையூர் என்று நானே நிரப்பினேன்,
வந்த இடத்துக்கு நேரே.

எட்டு மணிக்கு வர்கீஸ் சார் வந்தார்.
ஏழாம் அறையில் கட்டில் கலையவில்லை சார்,
போர்வைகூடப் பிரிக்கவில்லை என்றேன்.
பேய்க்குப் பயந்திருப்பாங்க என்று குஷியானார்.
விரிப்பு சலவைக்குப் போக வேண்டாம்,
அப்படியே இருக்கட்டும்.

வாசலில் லாரி. அடுத்த கல்யாணத்துக்கு
நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது.